மூன்று கீயும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையும்

எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசை நடுவே மைக் கரகரத்தால் யாரும் மைக்கைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்ப்பார்கள். முன்வரிசைக் குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்கும். அந்தச் சம்பவம் நடந்தபோது அதில் பாதிக் குழந்தைகள் பிறக்கவே இல்லை. (ஞானோபதேசத்தோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.) குற்றவாளி நான்தான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது கதையில் நான் அழுததாகவும் வருகிறது. அழவில்லை. அது வியர்வை. அதைத் திருத்துவதற்காகவாவது நானே ஒருமுறை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைமடை என்பதால் மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். வந்ததை வாய்க்காலிலிருந்து இறைக்க ஆளுக்கொரு பம்ப்செட், பம்ப்செட்டுக்கு வருடம் ஒரு எரிந்த மோட்டார் என்று என் பிழைப்பு ஓடுகிறது. கோயில் ஆம்ப்ளிஃபயரும் என் பொறுப்பு. என் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய புயலில் எங்கள் பக்கம் கரண்ட் கம்பம், செல்போன் டவர் எல்லாம் படுத்துவிட்டன. திருக்காட்டுப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கைக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்றே தெரியாது. நான்காம் நாள் யாரோ ஒருவர் சைக்கிளில் போய் அவளிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருக்கிறார். “அண்ணன் குடும்பம் நலம். ஓடு மட்டும் போச்சு.” நாகப்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நிஷா அக்கா, நிவாரணத்துக்கு வந்தவர்கள் எழுதிப்போன விவரத்தை வாங்கி, கார் பேட்டரியில் ஓடும் தன்னுடைய அமெச்சூர் ரேடியோவில் மோர்ஸ் (தந்திபோலக் குட்டையும் நெட்டையுமான சத்தம்) தட்டி அனுப்பிய செய்தி அது. சைக்கிளில் போனவர் அதைத் திருக்காட்டுப்பள்ளியில் கேட்டு எழுதிக்கொண்டவர். தங்கை அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்த அன்று, இந்த வேலையை நானும் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதினேன், பாஸானேன், பழைய டிரான்சீவர் ஒன்று வாங்கினேன். அது கேட்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். ஆன்டெனாக் கம்பியின் ஒரு முனை என் மாடியில், மறுமுனை கோயில் தென்னை மரத்தில். நடுவே கோயில் ஓட்டுக்கு மேலாகவே கம்பி போனது. ஃபாதரிடம் அனுமதி கேட்டபோது, “பூசைக்கு இடைஞ்சல் வராம பாத்துக்கப்பா” என்றார். அதுவரை இடைஞ்சல் வந்ததில்லை. காரணம் ரொம்ப எளிது. பூசை நேரத்தில் நானும் பூசையில் இருந்தேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் ரேடியோ நண்பர்கள் ஒரு பட்டியல் போடுவார்கள். புயலில் எல்லாத் தொடர்பும் அறுந்துபோனால், ஒவ்வொரு ஊர்ப் பக்கமும் யார் மோர்ஸில் செய்தி வாங்கிக் கொடுப்பது என்று. கீழ்வேளூருக்கு நேரே இடம் காலியாகவே கிடந்தது. அங்கே என் பெயர் வர வேண்டும். அதற்கு ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் வருகைப் பதிவில், நிஷா அக்கா தட்டும் செய்தியை வாங்கித் திருப்பித் தட்டிக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு வாய்ப்பு. அக்கா முன்கூட்டியே போனில் சொன்னார்.

“தம்பி, ஒரு கீ போதும். நிதானமா தட்டுங்க. மத்தவங்களுக்குப் புரிஞ்சா சரி.”

“சரிங்கக்கா” என்றேன். போனை வைத்த கையோடு மூன்று கீக்கு வேலையை ஆரம்பித்தேன்.

மோர்ஸ் தட்டும் கருவியைத்தான் நாங்கள் கீ என்போம். என்னிடம் மூன்று இருந்தன. முதலாவது மேலும் கீழும் தட்டும் பழைய மாடல். பார்க்கத் தந்தி ஆபீஸ் களை. இரண்டாவது ஆக்சா பிளேடை வைத்து நானே செய்தது. பக்கவாட்டில் ஆட்டித் தட்ட வேண்டும். அழகு கிடையாது, ஆனால் என் கைவேலை. மூன்றாவது பேடில். அதில் இரண்டு இதழ் இருக்கும். ஒன்றைத் தொட்டால் டிரான்சீவரே குட்டைச் சத்தமாக அனுப்பிக்கொண்டே போகும், மற்றதைத் தொட்டால் நெட்டைச் சத்தமாக அனுப்பும். கையை எடுத்தால் நின்றுவிடும். வேகத்துக்கு அதுதான். செய்தியைப் பழைய கீயில் நிதானமாக ஆரம்பித்து, நடுவில் என் ஆக்சா பிளேடுக்கு மாறி, கடைசியில் பேடிலில் சரசரவென்று முடித்தால் அக்கா அசந்துவிடுவார் என்பது என் கணக்கு. (ரேடியோவில் கேட்கிறவருக்கு எந்தக் கீ என்று கண்ணுக்குத் தெரியாதே என்று அப்போது தோன்றவில்லை.)

டிரான்சீவருக்குப் பின்னால் கீ சொருக ஒரு ஓட்டைதான் உண்டு. அதனால் என்ன? ஒரு காலிங் பெல்லுக்கு முன்வாசலில் ஒரு சுவிட்ச், கொல்லையில் ஒரு சுவிட்ச் வைப்பதில்லையா? இரண்டையும் பேரலலாகக் கொடுத்தால் எதை அமுக்கினாலும் அடிக்கும். கீயும் ஒரு சுவிட்ச்தானே. ஒரு பிஸ்கட் டின்னில் மூன்று சாக்கெட்டை வரிசையாகப் பொருத்தி, எல்லாவற்றையும் பேரலல் செய்து, ஒரே வயராக டிரான்சீவருக்குக் கொண்டுபோனேன். பேடிலில் ஏற்கெனவே சொருகும் பின் இருந்தது. மற்ற இரண்டு கீக்கும் பின் இல்லை. கோயில் ஆம்ப்ளிஃபயர் மேஜை டிராயரில் உதிரியாக இரண்டு மைக் பின் கிடந்தது. (கேட்டு எடுத்தேனா? இல்லை.)

சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு கீயாகச் சொருகிப் பார்த்தேன். முதலாவது நன்றாக வேலை செய்தது. அதைப் பிடுங்கிவிட்டு இரண்டாவது, அதுவும் நன்று. அதையும் பிடுங்கிவிட்டுப் பேடில், அருமை. மூன்றையும் சேர்த்துச் சொருகிப் பார்க்கவில்லை. தனித்தனியாக ஒழுங்காக இருப்பவை சேர்ந்தால் மட்டும் கெட்டுப்போகுமா என்ன? (கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் எனக்கு இப்படியொரு நம்பிக்கை.)

மிச்சம் இருந்த சிக்கல் பூசை. ஏழரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஜோஸ்பின், காய்ச்சல் என்று சொன்னால் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அதனால் வேறு மாதிரி யோசித்தேன்.

“சூசை அண்ணன் மோட்டார் எரிஞ்சுபோச்சாம். காலைல போயிப் பாத்துட்டு வந்துடுறேன்.”

“பூசைய விட்டுட்டா?”

“நாத்தங்கால் காயுதாம் ஜோசு.”

நாற்றங்கால் காய்கிறது என்றால் எங்கள் பக்கம் மறுபேச்சு கிடையாது. சூசை அண்ணன் கோயிலில் மணி அடிப்பவர், மூன்று மா நிலம் உண்டு. அவர் பெயரைச் சொன்னதற்குக் காரணம், அவர் அன்று சாயங்கால பஸ்ஸில் ஒரத்தநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக என் கடையில் வந்து சொல்லியிருந்தார். இதைவிடப் பாதுகாப்பான பொய் கிடைக்காது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை டூல்ஸ் பையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு சுற்றுச் சுற்றி, ஜோஸ்பின் கோயிலுக்குள் போனதும் கொல்லை வழியாகத் திரும்பி வந்தேன். வண்டியை மாட்டுக்கொட்டகை ஓரம் சாத்தினேன். மாடிக்குப் போய் மூன்று கீயையும் பிஸ்கட் டின்னில் சொருகி வரிசையாக வைத்தேன். நாதஸ்வரக் கச்சேரிக்கு உட்காருகிறவன் போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு நிஷா அக்கா ரேடியோவில் வந்தார். கும்பகோணம், மன்னார்குடி, திருக்காட்டுப்பள்ளி என்று ஒவ்வொருவராகப் பதில் தட்டினார்கள். என் முறை வந்தது. பழைய கீயில் என் அழைப்புப் பெயரைத் தட்டினேன். அக்கா செய்தியை அனுப்பினார். ஒரு எழுத்துகூட விடாமல் எழுதிக்கொண்டேன். திருப்பித் தட்ட ஆரம்பித்தேன். முதல் வரி பழைய கீயில், சுத்தம். இரண்டாம் வரி ஆக்சா பிளேடில், அதுவும் சுத்தம். இன்னும் ஒரே ஒரு வரி. அதை எதில் தட்டியிருந்தாலும் கீழ்வேளூர் என் பெயருக்கு வந்திருக்கும்.

பேடிலுக்கு மாற முகப்பில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினேன்.

டாஆ. டாஆ. டாஆ. டாஆ.

நான் பேடிலைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். (யாரிடம் காட்டினேன் என்று தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான்.) டாஆ, டாஆ என்று அது பாட்டுக்கு நெட்டைச் சத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தது. பேடிலில் தூசி அடைத்திருக்கும் என்று ஊதினேன். இதழ்களுக்கு நடுவே காகிதத்தைச் சொருகினேன். கடைசியில் பேடிலின் பின்னையே பிடுங்கி மேஜையில் வைத்தேன். பேடில் இல்லாமலே டாஆ, டாஆ. அந்தப் பட்டனை மறுபடி அமுக்கியிருந்தால் போதும், நின்றிருக்கும். அந்தப் பட்டன் என் புத்திக்கே வரவில்லை. அக்கா என்ன சொல்கிறார் என்றும் எனக்குக் கேட்க வழியில்லை. அனுப்பிக்கொண்டே இருக்கும்வரை டிரான்சீவருக்குக் காது கேட்காது.

கீழே கதவு தட்டப்பட்டது.

பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த குமிழ்களையெல்லாம் திருகினேன். ஒன்றைத் திருகியதும் சத்தம் நின்றது. அப்பாடா என்று மூச்சு வந்தது. நான் மோட்டார்காரன். சத்தம் நின்றால் மோட்டார் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் திருகியது வெறும் சத்தத்தைக் குறைக்கும் குமிழ். டிரான்சீவர் முன்னைப் போலவே அனுப்பிக்கொண்டுதான் இருந்தது, இப்போது எனக்குத் தெரியாமல்.

கீழே போய்க் கதவைத் திறந்தேன். சூசை அண்ணன் நின்றார்.

“என் மோட்டாருக்கு என்னப்பா ஆச்சு?” என்றார்.

“அண்ணே, நீங்க ஒரத்தநாடு...”

“பஸ்ஸ விட்டுட்டேன். அத அப்புறம் பேசிக்குவோம். கோயில் மைக்செட்டு மக்கர் பண்ணுது, ஃபாதர் கூப்புடுறார். வா.”

கோயிலில் அதற்குள் நடந்ததைப் பிற்பாடு பல வாய் வழியாகக் கேட்டேன். ஃபாதரின் அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றி. “பொறுமை டுப் என்பது டுப் நமக்கு டுப்” என்று ஒலிபெருக்கி விக்க ஆரம்பித்திருக்கிறது. என் கம்பிதான் கோயில் தலைக்கு மேலே போகிறதே. நான் அனுப்பிய ஒவ்வொரு நெட்டைச் சத்தமும் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து ஒரு டுப்பாக வெளியே வந்திருக்கிறது. நான்காவது வாக்கியத்தில் ஃபாதர் பொறுமையை விட்டுவிட்டார்.

“அந்தோணி எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

ஜோஸ்பின் எழுந்து நின்று, “சூசை அண்ணன் மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு பாக்கப் போயிருக்காங்க ஃபாதர்” என்றிருக்கிறாள்.

மணிக் கயிற்றுப் பக்கத்திலிருந்து சூசை அண்ணன், “என் மோட்டாரா?” என்றிருக்கிறார்.

அதற்கு மேல் கொல்லையில் என் வண்டி நிற்பதைப் பார்த்த ஆள் கிடைப்பது கஷ்டமா? நான்கு பேர் கிடைத்தார்கள்.

இது எதுவும் தெரியாமல் நான் டெஸ்டரோடு கோயிலுக்குள் போனேன். ஜோஸ்பின் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். குனிந்த தலை நிமிராமல் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தேன். மைக்கை மாற்றினேன், டுப். வயரை மாற்றினேன், டுப். மைக்கையே கழற்றிவிட்டேன், அப்போதும் டுப். ஊரே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. மைக்கை மறுபடி மாட்டிக் கையில் வைத்துக்கொண்டு கோளாறைக் காது கொடுத்துக் கேட்டேன். டுப், டுப், டுப். எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி. கோளாறு இவ்வளவு ஒழுங்காக இருக்காதே என்று தோன்றியது. இந்த வேகம் எங்கேயோ கேட்ட வேகமாக இருக்கிறதே என்றும் தோன்றியது. முந்தின நாள் சாயங்காலம் நானே வைத்த வேகம். ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தையும் அதில் கட்டியிருந்த கம்பியையும் பார்த்தேன்.

“ஐயோ, இது என்னுதுதான்” என்றேன்.

கையில் மைக் இருந்தது. வெளியே இரண்டு புனல் ஒலிபெருக்கி, வயலைப் பார்த்து ஒன்று, தெருவைப் பார்த்து ஒன்று. பூசைக்கு வராதவர்களும் கேட்டார்கள்.

ஓடினேன். மாடிக்குப் போக நேரமில்லை என்று வீட்டு மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டுப் நின்றது. ஃபாதர் “பொறுமை” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவது தெளிவாகக் கேட்டது. செல்போனை எடுத்துப் பார்த்தால் நிஷா அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார். திட்டு வாங்கத் தயாராகிக் கூப்பிட்டேன்.

“தம்பி! உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நல்லாத்தானே இருக்கீங்க?” என்றார்.

“நல்லாருக்கேங்கக்கா...”

“ஷாக் அடிச்சு கீ மேலயே விழுந்துட்டீங்களோன்னு உசுரே போயிடுச்சு. கீழ்வேளூர்ல தெரிஞ்ச ஆட்டோக்காரர உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. நான் அவரை அசத்த நினைத்தேன். அவர் என் உயிரைப் பற்றி நினைத்திருக்கிறார். (கண்ணில் வியர்வை வந்தது இந்த இடத்தில்தான்.)

ஆட்டோ சரியாகப் பூசை விடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. கோயில் வாசலில் ஊரே நிற்க, ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “இங்க யாரோ ரேடியோ மேல விழுந்து கெடக்குறாங்களாமே, எந்த வீடு?” என்று கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஜோஸ்பின் மாடிக்கு வந்து, டின்னில் சொருகியிருந்த இரண்டு பின்னையும் பிடுங்கி, மேஜையில் கிடந்த பேடில் பின்னோடு வரிசையாக வைத்தாள். மருந்தையும் ஊசியையும் இரண்டு தரம் பார்த்துப் பழகிய கண்.

“இதுல ரெண்டு கறுப்பு வளையம் இருக்கு. அது ரெண்டுலயும் ஒண்ணுதான் இருக்கு. வேற வேற பின்ன ஒண்ணாவா சொருவுவாங்க?”

அவ்வளவுதான் விஷயம். பேடிலின் பின்னில் மூன்று பாகம்: நுனி குட்டைச் சத்தத்துக்கு, நடு நெட்டைச் சத்தத்துக்கு, அடி பொதுவானது. நான் டிராயரிலிருந்து எடுத்த மைக் பின்னுக்கு நுனியும் அடியும்தான் உண்டு, நடு கிடையாது. அதன் நீளமான அடி, சாக்கெட்டில் நடுவுக்கான இடத்தையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரோ நெட்டை இதழை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று டிரான்சீவர் நம்பிவிட்டது. பழைய கீயைத் தட்டும்போது நடுவைப் பற்றிக் கவலையில்லை. பேடிலுக்கு மாற்றியதும் வெளுத்துவிட்டது. கோயில் டிராயரில் கேட்காமல் எடுத்த மைக் பின், கோயிலிலேயே போய் டுப் என்றது என்று ஜோஸ்பின் சொன்னாள். மறுநாள் இரண்டையும் டிராயரில் திருப்பி வைத்தேன், கம்பியையும் கோயில் ஓட்டுக்கு மேலிருந்து எடுத்து எங்கள் கொல்லைத் தென்னைக்கு மாற்றினேன்.

பட்டியலைப் பற்றி அக்கா அந்த வாரமே சொல்லிவிட்டார்.

“இந்த வருசம் வேணாம் தம்பி. அன்னிக்கு அம்புட்டு நேரமும் ஒருத்தரும் பேச முடியல. உங்களுக்கு அனுப்ப நல்லா வருது. நிறுத்தத்தான் வரல.”

கீழ்வேளூருக்கு நேரே இடம் அந்த வருடமும் காலி. எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

இதற்கிடையில் ஜோஸ்பின் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் நான் ரேடியோ முன் உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். காவலுக்கு என்றுதான் சொன்னாள். காவலுக்கு வந்தவள் காதில் எழுத்து விழத் தொடங்கியது. ஒருநாள் நான் விட்ட எழுத்தை அவள் சொன்னாள். ஒன்றரை வருடத்தில் அவளும் பரீட்சை எழுதிப் பாஸானாள். பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே நாகப்பட்டினத்தில் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை பேடில் ஒன்றை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டு வருகைப் பதிவில் உட்கார்ந்தாள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபாதர் கண்ணில் படும்படி நின்றுகொண்டிருந்தேன். எட்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது, கீழ்வேளூருக்கு நேரே பெயர் ஏறியிருந்தது. ஜோஸ்பின். பொறாமை இல்லை என்று சொன்னால் அதற்கும் சூசை அண்ணன் வந்து நிற்பார். பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

சில வருடம் கழித்து இன்னொரு புயல் வந்தது. டவர் விழுந்தது, கரண்ட் போனது. பேட்டரியை மாடிக்குத் தூக்கி வருவதும், அறுந்த கம்பியைத் தென்னையில் மறுபடி கட்டுவதும் என் வேலை. இரண்டு நாள் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். யார் யாருக்கோ செய்தி போயிற்று. எல்லாம் முடிந்து ஒரு நிமிடம் இருந்தபோது, “திருக்காட்டுப்பள்ளிக்கும் ஒண்ணு போட்டுடுறேன்” என்று சுருக்கமாக எதையோ தட்டினாள். எனக்கு அலுப்பு, காது கொடுக்கவில்லை.

தங்கை இப்போது ஜெபப் புத்தகத்துக்குள் இரண்டு சீட்டு வைத்திருக்கிறாள். உறவுக்காரர்கள் யார் வந்தாலும் இரண்டாவதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவாள். அதை வாங்கியபோது சிரிப்பும் அழுகையுமாக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அதே சைக்கிள்காரர் கொடுத்தது, அதே கையெழுத்து.

“எல்லாரும் நலம். கீ ஒன்றுதான்.”